நூமெனோரை மூழ்கடித்தது சௌரானா, செங்கோலை விட மனம் வராத அரசர்களா?

கடலோடி

டோல்கீனின் கதை உலகை வைத்து எடுத்த 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் 2022-ல் வந்ததிலிருந்து, அந்த உலகில் கடலில் மூழ்கிய தீவு ராஜ்ஜியமான நூமெனோர் பற்றிய பேச்சு நம் நண்பர்களிடையே அடிக்கடி வருகிறது. வந்தால் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. நல்ல ராஜ்ஜியம், இருளின் தலைவன் சௌரான் வந்தான், ராஜாவின் மனதைக் கெடுத்தான், கடல் விழுங்கியது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். டோல்கீனின் காலவரிசையில் இரண்டாம் யுகம் 32-ல் எல்ரோஸ் முதல் அரசனாகிறான். சௌரானைக் கைதியாகத் தீவுக்குக் கொண்டுவருவது 3262-ல். தீவு மூழ்குவது 3319-ல். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற ஓர் அரசில் சௌரான் இருந்தது வெறும் 57 ஆண்டு. அதற்குள் தன் ஊர்க்காரனையே தன் கோயிலில் பலி கொடுக்கிற அளவுக்கு ஒரு ஜனம் போய்விட்டது என்றால், அவன் வருவதற்கு வெகு முன்பே ஏதோ உளுத்துப்போயிருக்கிறது.

எங்கே உளுத்தது? செங்கோல் கைமாறும் இடத்தில் என்பது என் கட்சி.

எல்ரோஸ் 500 ஆண்டு வாழ்ந்து 442-ல் இறந்தான். அவன் மகன் வர்தமீருக்கு அப்போது வயது 381. ஏடுகளும் பழங்கதைகளும் சேகரிப்பதில் வாழ்நாளைக் கழித்தவன். பட்டம் தன்னிடம் வந்ததும் அரியணை ஏறாமல் செங்கோலைத் தன் மகன் கையில் கொடுத்துவிட்டான். அரசர் வரிசையில் இரண்டாவது பெயர் அவனுடையதுதான், ஆனால் அவன் ஆளவே இல்லை. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிறது. உடம்பும் புத்தியும் தளர்வதற்கு முன்பே வாரிசிடம் ஒப்படைத்துவிட்டு, அதன்பின் தன் விருப்பப்படி உயிரை விடுவது. நூமெனோர் அரசனின் பெருமை கப்பல் எண்ணிக்கையில் இல்லை, இந்த ஒன்றில்தான் இருந்தது.

இந்த வழக்கம் முதலில் முறிவது தார்-கிர்யத்தன் காலத்தில். பன்னிரண்டாவது அரசன். தந்தை மினாஸ்டிர் தானாகத் தருவதற்கு முன்பே நெருக்கிப் பிடுங்கிக்கொண்டான் என்று எல்ரோஸின் வம்சாவளிக் குறிப்பு சொல்கிறது. நிழல் முதலில் விழுந்தது அங்கேதான் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. மினாஸ்டிர் யார் தெரியுமா? 1700-ல் சௌரானுக்கு எதிராக, சாவில்லாத எல்ஃப் இனத்தின் அரசன் கில்-கலாடுக்கு உதவியாக மாபெரும் கடற்படையை அனுப்பியவன். அந்தப் படை உதவிக்குப் போயிற்று. மகன் காலத்தில் அதே கப்பல்கள் திறை வாங்கப் போயின. உலோகமும் மணிகளும் ஏற்றிக்கொண்டு திரும்பின.

அடுத்தவன் தார்-அத்தனமிர். கிர்யத்தன் தந்தையிடமிருந்து முன்கூட்டியே பிடுங்கினான் என்றால், இவன் மகனுக்குக் கொடுக்கவே மறுத்தான். செங்கோலையும் விடவில்லை, உயிரையும் விடவில்லை. அறிவு மங்கி, மூப்பில் கிடந்து, 2221-ல் சாவு வந்து பிடுங்கிக்கொண்டு போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன் எந்த அரசனும் அப்படிப் போனதில்லை.

சௌரான் தீவில் காலெடுத்து வைக்க இதற்குப் பிறகும் ஆயிரம் ஆண்டு இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மழைக்காகம்

நல்ல இழை அண்ணா. ஆனால் அரசர்கள் மேல் மட்டும் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உலகைக் காக்கும் தெய்வ சக்திகளான வலார்கள் போட்ட தடையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஒரு ஜனத்துக்குத் தீவைக் கொடுக்கிறீர்கள். மற்ற மனிதர்களைவிட மூன்று மடங்கு ஆயுளும் கொடுக்கிறீர்கள். மெனெல்தர்மா மலை உச்சியில் ஏறி நின்றால், கண் கூர்மையானவனுக்கு மேற்கே சாவில்லாதவர்களின் துறைமுகமே தெரிகிறது. அதன்பின், உங்கள் கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்கு மேற்கே கப்பல் விடாதீர்கள் என்கிறீர்கள். அங்கிருந்து எல்ஃப்கள் வருவார்கள், பறவையும் பூவும் கொண்டுவருவார்கள், போவார்கள். இவர்கள் மட்டும் போகக்கூடாது. எத்தனை தலைமுறை பொறுக்கும்? பேராசை என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஏக்கத்தை யார் வளர்த்தது என்று கேட்க வேண்டாமா? மரண பயம் குற்றமில்லை. மனிதனாகப் பிறந்த எவனுக்கும் அது உண்டு.

நூலகத்தான்

மழைக்காகம் கேட்ட அதே கேள்வியை அத்தனமிர் நேரடியாகவே கேட்டிருக்கிறான். தடையை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய முதல் அரசன் அவன்தான். அவனிடம் வலார்களின் தூதர்கள் வந்தார்கள். தூதர்கள் சொன்னதன் சாரம் இது: அந்த நிலம் தன்னில் வாழ்பவருக்குச் சாவின்மையைக் கொடுப்பதில்லை, சாவில்லாதவர்கள் அங்கே வாழ்வதால்தான் அது புனிதமாக இருக்கிறது, நீங்கள் அங்கே வந்தால் அந்த ஒளியில் இன்னும் சீக்கிரமாக வாடிப்போவீர்கள். சாவு தண்டனையாக வரவில்லை, படைத்தவரான எரு இலூவதார் மனிதனுக்குத் தந்த கொடையாகத்தான் முதலில் வந்தது, அதன் பொருள் எங்களுக்கும் மறைந்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஆகவே அறியாமையால் போய் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆயிரம் ஆண்டு கழித்து சௌரான் கடைசி அரசன் அர்-ஃபராசோனிடம் சொன்னது இந்தப் பதிலின் தலைகீழ்: அந்த மண்ணை யார் கைப்பற்றுகிறாரோ அவருக்குச் சாவு கிடையாது. பொய் என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது. பதிலை முன்னோர்கள் காதிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் எல்ஃப்களின் மொழியையே தடை செய்த வம்சம் அது. பழைய ஏடுகளை யார் திறந்து பார்ப்பது?

இருந்தாலும் மழைக்காகம் சொன்ன ஏக்கத்தை நான் தள்ளமாட்டேன். டோல்கீனும் அதைத் தள்ளவில்லை. தூதர்களிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் அற்பமான கேள்விகளாக எழுதப்படவில்லை. எங்களிடம் மட்டும் கண்மூடித்தனமான நம்பிக்கையைக் கேட்கிறீர்களே என்கிறார்கள். அந்த இடத்தில் தூதர்களின் பதில் முழுதாகத் திருப்தி தருவதில்லை. எனக்கும்தான்.

செம்பருத்தி

எல்லோரும் அரண்மனைக்குள்ளேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் கரைக்கு வாங்க.

தீவுக்குக் கிழக்கே நடு உலகப் பெருநிலத்தில் ஓடும் குவாத்லோ ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த காடு பற்றி டோல்கீனின் 'முடிவுறாக் கதைகள்' தொகுப்பில் ஒரு பகுதி வருகிறது. ஆறாவது அரசன் ஆல்தரியோன் இளவரசனாக இருந்தபோதே ஆற்று முகத்துவாரத்தில் வின்யலொண்டே என்று ஒரு துறைமுகம் கட்டினான். கப்பல் கட்ட மரம் வேண்டும். தீவில் வெட்டினால் மரம் நடுகிற வழக்கமும் கண்காணிப்பும் உண்டு. இங்கே யார் கேட்பது? தொடக்கத்தில் அளவோடு வெட்டினார்கள். அந்தக் காட்டில் ஏற்கெனவே குடி இருந்தது. அவர்கள் முதலில் பகையாகவும் இல்லை. தங்கள் காடு கரையிலிருந்து உள்ளே உள்ளே தின்னப்படுவதைப் பார்த்த பிறகுதான் பதுங்கியிருந்து தாக்க ஆரம்பித்தார்கள். உடனே அவர்கள் எதிரிகள் ஆனார்கள். அதன்பிறகு வெட்டுவதற்கு ஒரு கணக்கே இல்லை, திரும்ப நடுவதும் இல்லை. மிஞ்சியவர்கள் வடகரையில் இருந்தவர்கள் கடற்கரை முனையில் இருந்த இருண்ட காட்டுக்கும், தென்கரையில் இருந்தவர்கள் கிழக்கு மலைகளுக்கும் ஓடினார்கள்.

1695-ல் சௌரான் படையோடு அந்தப் பக்கம் வந்தபோது இந்த ஜனம் அவனை வரவேற்றது. ஏன் வரவேற்காது? நூமெனோர்க்காரன் துறைமுகத்தை எரிக்க வருகிறவன் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நண்பன்தான். பின்னாளில் ரோஹன் நாட்டுக்கு எதிராகச் சாருமான் என்ற மந்திரவாதி கிளப்பிவிடும் டன்லாந்துக்காரர்கள் இந்த வேரிலிருந்து வந்தவர்கள். மூன்றாம் யுகத்தின் கடைசி வரைக்கும் அந்தக் கோபம் ஆறவே இல்லை.

கடலோடி அண்ணா, நீங்கள் கிர்யத்தனில் ஆரம்பிக்கிறீர்கள். நான் அவனுக்கு ஆயிரம் ஆண்டு முன்னால், எல்லோரும் கொண்டாடுகிற ஆல்தரியோனில் ஆரம்பிப்பேன். அவன் கெட்டவன் இல்லை. கடலை நேசித்தவன். ஆனால் அவன் மனைவி எரெண்டிஸ் மரத்தை நேசித்தாள், அவள் கண்முன்னே மரம் எல்லாம் கப்பலாகிப் போயிற்று. அந்த வீடு உடைந்ததே அதில்தான். செங்கோலைப் பிடித்துக்கொண்டது பின்னால் வந்தது. கையை நீட்டி எடுத்துக்கொண்டே போவது முன்னால் வந்தது.

தெற்குவாசல்

செம்பருத்தி அக்கா, இந்தக் காட்டு ஜனம் பற்றி இவ்வளவு விவரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கே அந்தப் பகுதியை எடுத்துப் படிக்கிறேன்.

கடலோடி

செம்பருத்தி, உங்கள் கருத்தை ஏற்கிறேன், முழுவதுமாக இல்லை. ஆல்தரியோனுக்குப் பிறகும் அந்த அரசு திரும்பி வர இடம் இருந்தது. 1700-ல் போன படை எந்தத் திறையும் கேட்காமல் போன படை. நடு உலகின் எரியாடோர் நிலம் முழுக்க சௌரான் கையில் இருந்தபோது, அடுத்த ஆண்டே அவனை அங்கிருந்து துரத்திய படை. ஒரு ராஜ்ஜியம் தப்பு செய்தும் நல்லது செய்ய முடிகிற நிலையில் இருந்தது. கிர்யத்தனுக்குப் பிறகு அந்த நிலை இல்லை. 2280-ல் நடு உலகின் தென்கரைத் துறைமுகமான உம்பாரில் பெரும் கோட்டை எழுகிறது. உதவி கேட்டு யாரும் அங்கே போனதாகக் கதை இல்லை.

ஆசை ஒவ்வொரு தலைமுறைக்கும் வரும், அதை அடுத்தவன் வந்து திருத்தவும் முடியும், முந்தையவன் இடத்தை விட்டால். விடாத அரசன்தான் அந்த வழியை அடைக்கிறான்.

அர்-ஃபராசோனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் சௌரானைத் தேடிப் போனது எதற்கு? நடு உலக மக்களைக் காப்பாற்றவா? சௌரான் தன்னை மனிதர்களின் அரசன் என்று சொல்லிக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டு, அந்தப் பட்டம் தனக்குத்தான் என்று கிளம்பினான். 3261-ல் உம்பாரில் இறங்கி, அரசர்க்கரசன் நான், வந்து பணி என்று ஆள் அனுப்பினான். இவன் படையைப் பார்த்து சௌரானின் ஆட்களே அவனை விட்டு ஓடினார்கள். சௌரானும் வந்து பணிந்தான். அந்த நிமிடம் உலகத்திலேயே பெரிய ஆள் அவன்தான். அதுவும் போதவில்லை. இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கிறவனிடம், சாவை வெல்வது ஒன்றுதான் பாக்கி என்று சொல்ல சௌரானுக்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை.

மழைக்காகம்

அந்த ஆசையைக் கல்லில் கட்டியதுதான் தலைநகர் அர்மெனெலோஸில் எழுந்த கோயில் என்று நினைக்கிறேன். அடித்தளத்தில் சுவர் 50 அடி கனம். குறுக்களவு 500 அடி, உயரமும் 500 அடி. மேலே வெள்ளிக் கூரை. அந்த வெள்ளி சீக்கிரமே புகையில் கறுத்துப்போயிற்று. முதல் நெருப்பில் போட்டது வெள்ளை மரம் நிம்லோத்தை. பிறகு மனிதர்கள். சாவை விரட்ட நடந்த பலி அது. ஆனால் அதன்பின் நூமெனோரில் சாவு குறையவில்லை, இன்னும் சீக்கிரமாக, இன்னும் கோரமாக வந்தது. வேதனையில் தங்களையே சபித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசையும்.

என் முதல் கேள்வியை நான் விடவில்லை. தடை நியாயமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தடையை மீறக் கப்பல் ஏறுவதும், பக்கத்து வீட்டுக்காரனை நெருப்பில் போடுவதும் ஒன்றில்லை. அது ஏக்கத்தில் வராது.

தெற்குவாசல்

நம்பிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லையே. வலார்களுக்கு விசுவாசமாக நின்றவர்கள் என்று எலெண்டில் குடும்பத்தை எல்லோரும் நல்லவர்கள் என்று தூக்கிப்பிடிக்கிறோம். அவர்கள் என்ன செய்தார்கள்? எலெண்டிலின் தந்தை அமண்டில் இளம் வயதில் ஃபராசோனின் உயிர் நண்பன். பெரிய கடற்படைத் தளபதி. பட்டத்துக்குரிய மீரியலிடமிருந்து ஃபராசோன் செங்கோலைப் பிடுங்கியபோதும் அமண்டில் அரசவையில்தான் இருந்தான். சௌரான் வந்த பிறகுதான் அவையிலிருந்து நீக்கப்பட்டான். அதாவது தானாக விலகவில்லை. விசுவாசிகள் என்ற பெயர் எனக்கு உறுத்துகிறது.

கடலோடி

அமண்டில் மௌனமாக இருந்ததற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அவன் காலம் தாழ்த்தினான், உண்மை. ஆனால் அவன் கடைசியில் செய்ததைப் பாருங்கள்.

போருக்கான படை திரள்வது தெரிந்ததும், பழைய காலத்தில் எயாரெண்டில் என்ற மாலுமி வலார்களிடம் போன மாதிரி மேற்கே போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று முடிவு செய்கிறான். தடையை மீறுகிற பயணம். மீறினால் தண்டனை தன் தலைக்கு மட்டும் வரட்டும், தன் ஜனத்துக்கு வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். மூன்று வேலையாட்கள், ஒரு சிறு கப்பல். ஒற்றர்களை ஏமாற்ற முதலில் கிழக்கே போய், பிறகு மேற்கே திருப்பினான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. போய்ச் சேர்ந்தானா, யாராவது கேட்டார்களா, எதுவும் கதையில் இல்லை.

ஃபராசோனும் மேற்கேதான் போனான். ஒருவன் கைப்பற்றப் போனான், ஒருவன் கேட்கப் போனான். ஃபராசோனும் அந்தக் கரை தெரிந்ததும் ஒரு கணம் தயங்கி, திரும்பிவிடலாமா என்று நினைத்ததாக எழுதியிருக்கிறது. அகந்தை விடவில்லை, இறங்கினான். அந்த ஒரு கணம் எனக்கு முக்கியம். கடைசி அடி வைக்கும்வரை அவனுக்கும் திரும்பும் வழி திறந்தே இருந்தது.

தெற்குவாசல், அமண்டில் தன் மகனுக்குச் சொன்ன இன்னொன்றையும் பாருங்கள்: நீ போரில் தலையிடாதே, கப்பல்களைத் தயாராக வை, மனம் பிரிய மறுக்கிற பொருள்களை எல்லாம் ஏற்று. தன் பயணம் பலிக்கும் என்று முழுதாக நம்பியவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான். பலிக்காமல் போகலாம் என்று தெரிந்தே கிளம்பினான்.

செம்பருத்தி

நம்பிக்கை என்றால் எனக்கு அமண்டில் இல்லை, எலெண்டிலின் மகன் இசில்தூர்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' திரைப்படம் பார்த்த தலைமுறைக்கு இசில்தூர் என்றால் சௌரானின் மோதிரத்தைத் தூக்கி எறியாத பலவீனமான ஆள். அதற்கு முன் அவன் செய்தது யாருக்கும் நினைவில்லை. நிம்லோத்தை வெட்டச் சொல்லி சௌரான் அரசனை நெருக்கிக்கொண்டிருக்கிறான். வெள்ளை மரம் அழிந்தால் அரச வம்சமும் அழியும் என்று முந்தைய அரசன் தார்-பலந்திர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் அரசனுக்குத் தயக்கம். இந்தச் செய்தி அமண்டில் காதுக்கு வருகிறது. அவன் தன் மகனிடமும் பேரன்களிடமும் பழைய மரங்களின் கதையைச் சொல்கிறான். இசில்தூர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவில் எழுந்து, வேடம் மாற்றிக்கொண்டு, தனியாக அர்மெனெலோஸ் போகிறான். விசுவாசிகள் யாரும் நெருங்கக்கூடாத முற்றம். இரவும் பகலும் காவல். பின் இலையுதிர் காலம், மரத்தில் பூ இல்லை. ஒரு பழம் தொங்குகிறது. அதைப் பறித்துக்கொண்டு திரும்பும்போது காவலர்கள் விழித்துக்கொள்கிறார்கள். உடம்பெல்லாம் காயத்தோடு சண்டை போட்டுத் தப்பி, ரோமென்னா துறைமுகம் வந்து சேர்ந்து, பழத்தைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு விழுகிறான்.

அந்த விதையை ரகசியமாக நடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க அவன் சாகக் கிடக்கிறான். வசந்தத்தில் முளை விட்டு முதல் இலை விரிந்த பிறகுதான் எழுந்து நடக்கிறான். பழம் பறிபோன பிறகு அரசன் இணங்கிவிட்டான், மரத்தை வெட்டினார்கள்.

கடலோடி அண்ணா சொன்ன கைமாறுதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதன் நிழலில் தான் உட்காருவோமா என்று அவன் யோசிக்கவில்லை.

மழைக்காகம்

அப்படியென்றால் அதே கை எப்படி அக்கா மோதிரத்தை விட மறுத்தது? இதுதான் எனக்குப் புரியவே இல்லை. 3441-ல் சௌரானின் விரலிலிருந்து அறுத்தெடுத்த பிறகு, எல்ஃப் தலைவர்களான எல்ரோண்டும் கிர்தானும் நெருப்பில் போடச் சொன்னார்கள். தந்தைக்கும் தம்பிக்கும் ஈடாக இதை எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

செம்பருத்தி

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். தந்தை எலெண்டில் அந்தப் போரில் செத்தார். தம்பி அனாரியோன் அதற்கு முந்தைய ஆண்டு. நடு உலகில் இசில்தூரின் நகரமான மினாஸ் இதில் என்பதை சௌரான் 3429-ல் பிடித்து, இசில்தூர் நட்டு வளர்த்த மரத்தையும் எரித்தான். மீண்டும் ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு, மனைவி மக்களோடு ஆற்று வழியே தப்பினான். இவ்வளவு இழந்தவன் ஈடு கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. இழப்புக்கு ஈடு என்ற பெயரில் ஆசை வரும்போது அது ஆசை என்று தெரியாது, நியாயம் மாதிரி இருக்கும். அத்தனமிருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் அவன் கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் யுகம் 2-ல் அந்தக் கன்றைத் தம்பியின் நினைவாக அவன் நகரமான மினாஸ் அனோரில் நடுகிறான். அதே ஆண்டு வடக்கே போகும் வழியில் கிளாடன் வயல்களுக்கு அருகே ஓர்க் கூட்டம் வளைத்துக்கொள்கிறது. தப்பிக்க மோதிரத்தைப் பயன்படுத்தலாமே என்று மூத்த மகன் கேட்க, தன்னால் முடியவில்லை, தொடவே வலிக்கிறது, தன் கர்வம் உடைந்துவிட்டது, இது எல்ஃப்களின் மூன்று மோதிரங்களைக் காப்பவர்களிடம் போக வேண்டியது என்கிறான். கொடுக்கத் தீர்மானித்துவிட்டான். கொடுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. படத்தில் இது எதுவும் இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

நூலகத்தான்

இங்கே ஒன்று சேர்க்கிறேன். பச்சை நிலத்தின் மேல் எழுந்து வரும் தப்பிக்க முடியாத பேரலையை டோல்கீன் கனவில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார். கடிதங்களில் எழுதியிருக்கிறார். நூமெனோரை எழுதியது அதிலிருந்துதான். அதே கனவைத் தன் பாத்திரமான ஃபராமிருக்கும் கொடுத்தார். மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுத்துக்கொள்ளாமல் விட்ட மனிதன் ஃபராமிர்தான்.

தெற்குவாசல்

நான் கேட்டதற்குப் பாதி பதில் கிடைத்தது. மீதிப் பாதி மீரியல். தார்-பலந்திருக்கு ஒரே மகள். மூத்த குழந்தை பெண்ணானாலும் செங்கோல் அவளுக்கே என்பது ஆல்தரியோன் காலத்திலிருந்து சட்டம். அவள் ஆண்டிருந்தால் நான்காவது அரசி. 3255-ல் தந்தை இறந்ததும் ஃபராசோன் அவளை அவள் விருப்பத்துக்கு மாறாக மணந்து, பட்டத்தை எடுத்துக்கொள்கிறான். ஒன்றுவிட்ட சகோதரி, நெருங்கிய உறவில் மணம் செய்வதையும் அந்த நாட்டுச் சட்டம் ஏற்காது. இரண்டு சட்டத்தை ஒரே நாளில் மீறியவனை எதிர்த்து யாரும் எழவில்லையே. கடைசியில் மெனெல்தர்மா மேல் ஏற முயன்றவளை அலை எட்டிப் பிடித்தது. எனக்குத் தெரிந்து அவள் பேசிய ஒரு சொல்கூட அந்தக் கதையில் இல்லை.

நூலகத்தான்

அவளைப் பற்றி வேறு வரைவும் உண்டு. 'நடு உலகின் மக்கள்' தொகுதியில் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் வெளியிட்டிருக்கிறார். அதில் மீரியலை விரும்பியவன் அமண்டிலின் சகோதரன் எலெந்தீர். அவளோ ஃபராசோன் பக்கம் மனம் சாய்ந்து, தானே விரும்பிச் செங்கோலைக் கொடுத்துவிடுகிறாள். எது முடிவான வடிவம் என்று டோல்கீன் தீர்க்காமலே போய்விட்டார். எனக்கு 1977-ல் வந்த சில்மரில்லியனில் உள்ள வடிவம்தான் சரியாகப் படுகிறது. விரும்பிக் கொடுத்தாள் என்றால் கடலோடி சொல்லும் பறிப்பு அங்கே இல்லாமல் போகும்.

புதுவாசகன்

வணக்கம். நான் படங்களும் தொடரும் மட்டும் பார்த்தவன். இதையெல்லாம் எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்? சில்மரில்லியன் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

நூலகத்தான்

வாங்க தம்பி. சில்மரில்லியனை முதல் பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டாம். நூமெனோர் கதை 'அகல்லபேத்' என்ற பெயரில் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிறகு 1980-ல் வந்த 'முடிவுறாக் கதைகள்' எடுத்து ஆல்தரியோன் - எரெண்டிஸ் கதை, அதன் பின்னால் வரும் எல்ரோஸ் வம்சாவளி இரண்டையும் படியுங்கள். செம்பருத்தி சொன்ன காட்டுப் பகுதி அதே புத்தகத்தில் கலாட்ரியேல் பற்றிய அத்தியாயத்தின் பிற்சேர்க்கையில் இருக்கிறது.

செம்பருத்தி

ஆல்தரியோன் - எரெண்டிஸ் கதையை முதலில் படியுங்கள் தம்பி. அகல்லபேத் அப்புறம். படித்துவிட்டு, ஆரம்பம் ஆல்தரியோனா கிர்யத்தனா என்று இங்கேயே வந்து எழுதுங்கள். கடலோடி அண்ணாவுக்கும் எனக்கும் அது இன்னும் தீரவில்லை.